விண்மீன் காற்றில் பிறக்கும் எக்ஸ்ரே



தைப்பூசத் திருவிழா முடிந்து, தண்ணீர்மலை அடிவாரத்துப் பந்தல்களும் பிரிக்கப்பட்டு, பினாங்குத் தீவு மீண்டும் அமைதி கொள்ளும் காலம் பிப்ரவரி மாதத்தின் நடுப்பகுதி. அந்நாட்களில் இரவு ஒன்பது மணி அளவில் வெளியே வந்து தலைக்கு நேர் மேலே பாருங்கள். மேகம் மறைக்காதிருந்தால் மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில், ஏறக்குறையச் சம இடைவெளியில் நிற்பதைக் காணலாம். ஜார்ஜ்டவுன் கடைத்தெரு விளக்குகளின் வெளிச்சத்தையும் மீறி அவை தெரியும். மேலை நாட்டார் இவற்றை ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைக்கச்சு என்பர். மலாய் மொழியில் அந்த விண்மீன் கூட்டத்துக்குப் பெலாந்திக் என்று பெயர். நம்முடைய பஞ்சாங்கமோ அதே கூட்டத்தின் தலைப்பகுதியை மிருகசீரிடம் என்றும், தோளில் சிவந்து ஒளிரும் பெரிய மீனைத் திருவாதிரை என்றும் குறிக்கிறது.

இடைக்கச்சில் உள்ள மூன்றும் நீலம் கலந்த வெண்மை நிறம். திருவாதிரை சிவப்பு. நிறத்தில் மட்டுமன்று, வேறொன்றிலும் இவை மாறுபடுகின்றன. அந்த மூன்று விண்மீன்களும் எக்ஸ்ரே என்னும் ஊடுகதிர்களை இடைவிடாமல் வெளியிடுகின்றன. திருவாதிரையிலிருந்தோ இன்றுவரை எக்ஸ்ரே எதுவும் கண்டறியப்படவில்லை. மிக நுட்பமான கருவிகளைக் கொண்டு தேடியும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் திருவாதிரையும் சூரியனைப்போல் பல மடங்கு நிறையுள்ள பெரிய விண்மீன்தான். ஏன் இந்த வேறுபாடு? வெப்பமும் நிறையும் மிகுந்த விண்மீன்களில் எக்ஸ்ரே எங்கிருந்து பிறக்கிறது? இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

எக்ஸ்ரே என்றதும் மருத்துவமனையில் எலும்பு முறிவைப் படம் எடுப்பது நம் நினைவுக்கு வரும். 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனியில் ரோன்ட்கன் என்னும் பேராசிரியர் இக்கதிரைக் கண்டுபிடித்தார். இதுவும் ஒளியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. வானொலி அலை, வெப்பக் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதாக் கதிர், எக்ஸ்ரே ஆகிய எல்லாம் உடன்பிறப்புகள். அலையின் நீளத்தில்தான் வேறுபாடு. எக்ஸ்ரேயின் அலை மிகக் குட்டையானது, ஆனால் ஆற்றல் மிக்கது.

ஒரு பொருள் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அது வெளியிடும் அலையின் நீளம் குறைந்துகொண்டே போகும். இரும்புப் பட்டறையில் இதைக் கண்ணாரக் காணலாம். உலையில் இட்ட இரும்பு முதலில் மங்கிய சிவப்பாகும், பிறகு மஞ்சளாகும், இன்னும் காய்ச்சினால் வெண்மையாகும். விண்மீன்களுக்கும் இதே விதிதான். திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 டிகிரி, எனவே சிவப்பு. நம் சூரியன் ஏறத்தாழ 5,500 டிகிரி. இடைக்கச்சு விண்மீன்களோ 30,000 டிகிரியை ஒட்டியவை. அவற்றின் ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிராகவே வெளியேறுகிறது.

"அப்படியானால் விடை எளிதுதானே, அவை மிகச் சூடானவை, அதனால்தான் எக்ஸ்ரே வருகிறது" என்று மாணவர்கள் சட்டென்று சொல்லக்கூடும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பொருந்தவில்லை. இந்த விண்மீன்களிலிருந்து வருவது போன்ற எக்ஸ்ரேயை வாயு தன் வெப்பத்தால் வெளியிட வேண்டுமானால், அது பத்து இலட்சம் டிகிரிக்கு மேல் காய்ந்திருக்க வேண்டும். 30,000 டிகிரி என்பது அதில் முப்பதில் ஒரு பங்குதான். ஆக, விண்மீனின் மேற்பரப்பு இந்த எக்ஸ்ரேயைத் தந்திருக்க முடியாது. அதைவிடப் பன்மடங்கு சூடான வேறு ஏதோ ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். அது என்ன என்று கண்டறிய அறிவியலாருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

முதலில் ஒரு தடையைச் சொல்லிவிட வேண்டும். விண்ணிலிருந்து வரும் எக்ஸ்ரே தரைக்கு எட்டுவதில்லை. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதையும் எடை போட்டால், அது பத்து மீட்டர் ஆழமுள்ள தண்ணீரின் எடைக்குச் சமம். அந்தக் காற்றுப் போர்வை எக்ஸ்ரேயை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. உயிர்கள் வாழ இது நல்லதுதான். ஆனால் ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் காற்றைத் தாண்டி மேலே போக வேண்டும். 1962ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் ஒரு ராக்கெட்டில் கருவியை வைத்து அனுப்பி, விருச்சிக ராசியின் திசையிலிருந்து எக்ஸ்ரே வருவதைக் கண்டார்கள். இத்துறையில் முன்னோடியாக விளங்கிய ஜியாக்கோனிக்கு 2002ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் விண்ணில் ஏறிய இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவிலும் எக்ஸ்ரே வானியலுக்கென ஒரு கருவி இருந்தது.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஐன்ஸ்டைன் பெயர் தாங்கிய அமெரிக்க எக்ஸ்ரே தொலைநோக்கி விண்ணில் செலுத்தப்பட்டது. அடுத்த மாதமே அதைச் சிக்னஸ் எக்ஸ்-3 என்னும் பெயர்பெற்ற எக்ஸ்ரே மூலத்தை நோக்கித் திருப்பினார்கள். படத்தில் அந்த மூலம் இருந்தது. அதனருகே, யாரும் எதிர்பாராத சில புள்ளிகளும் இருந்தன. அவை வெப்பமும் நிறையும் மிகுந்த இளம் விண்மீன்களின் கூட்டம் ஒன்றின் உறுப்பினர்கள் என்று தெரியவந்தது. அதே காலத்தில் தென்வானிலுள்ள கரினா பகுதியிலும் இத்தகைய விண்மீன்கள் எக்ஸ்ரே வீசுவது கண்டறியப்பட்டது. தொடர்ந்து பார்க்கப் பார்க்க ஒரு பொதுவிதி புலப்பட்டது. இவ்வகை விண்மீன் வெளியிடும் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு எக்ஸ்ரேயாக வெளிவருகிறது.

ஒரு கோடியில் ஒரு பங்கு என்பது அற்பம் என்று தள்ளிவிடலாமா? கூடாது. நோயாளியின் நாடித்துடிப்பு உடம்பின் மொத்த ஆற்றலில் மிகச் சிறிய பகுதிதான். ஆனால் மருத்துவர் முதலில் பிடித்துப் பார்ப்பது நாடியைத்தானே.

இனி, இந்த விண்மீன்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே ஒரு செய்தி தெரிந்திருந்தது. டொனால்ட் மார்ட்டன் என்னும் வானியலார் ராக்கெட்டில் அனுப்பிய கருவியைக் கொண்டு ஓரியனின் இடைக்கச்சு விண்மீன்களைப் புற ஊதாக் கதிரில் ஆராய்ந்து, 1967ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். நாம் தலைக்கு மேலே பார்க்கிறோமே, அதே மூன்று விண்மீன்கள்தாம். அவை மூன்றும் தங்கள் பொருளை நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வெளியே வீசிக்கொண்டிருக்கின்றன என்பது அவருடைய முடிவு. இதற்கு விண்மீன் காற்று என்று பெயர். காற்று என்று சொன்னாலும் நாம் மூச்சுவிடும் காற்றன்று. பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த வாயு அது.

இந்தக் காற்றைத் தள்ளுவது எது? ஒளிதான். ஒளி ஒரு பொருளின் மேல் படும்போது மிகச் சிறிதளவு தள்ளுகிறது. நம் முகத்தில் படும் வெயிலின் தள்ளலை நாம் உணர்வதில்லை. ஆனால் சூரியனைவிட இலட்சக்கணக்கான மடங்கு ஒளிமிக்க விண்மீனின் அருகில் அந்தத் தள்ளல் புயலாகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அணு எல்லா ஒளியையும் வாங்கிக்கொள்வதில்லை. அதற்கென்று சில குறிப்பிட்ட அலைநீளங்கள் இருக்கின்றன, அவற்றை மட்டுமே பிடித்துக்கொள்ளும். நீங்கள் இப்பொழுது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். காற்றில் எத்தனையோ நிலையங்களின் அலைகள் வருகின்றன. முள்ளை எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்களோ அந்த நிலையம் மட்டும்தான் கேட்கும். அணுவும் அப்படியே. அடியிலுள்ள அணுக்கள் ஓர் அலைநீளத்து ஒளியைப் பிடித்துக்கொண்டுவிட்டால், மேலே உள்ள அணுக்களுக்கு அந்த ஒளி கிடைக்காது. அவை நிழலில் நிற்கின்றன. ஆனால் மேலே உள்ள அணு வேகமாக வெளியே ஓடுமானால் அதன் முள் சற்று நகர்ந்துவிடும். கீழே யாரும் தொடாத புதிய அலைநீளம் அதற்குக் கிடைக்கும். புதிய ஒளி, புதிய தள்ளல், இன்னும் கூடுதல் வேகம். இப்படியே வாயு முடுக்கப்படுகிறது என்று 1975ஆம் ஆண்டில் காஸ்டர், அபட், கிளைன் என்னும் மூவர் கணித்துக் காட்டினார்கள்.

இந்த வேகம் எவ்வளவு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். பப்பிஸ் என்னும் தென்வான விண்மீன் கூட்டத்தில் நாவோஸ் என்றொரு விண்மீன் உண்டு. மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 40,000 டிகிரி. அதன் காற்று நொடிக்கு ஏறத்தாழ 2,250 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. பினாங்கிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். நம் பாட்டன் பாட்டிமார் ரஜூலா கப்பலில் நாட்கணக்கில் கடந்து வந்த அந்தக் கடலை, நாவோஸின் காற்று ஒரு நொடிக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்துவிடும்.

சரி, காற்று வீசுகிறது. எக்ஸ்ரே எங்கிருந்து வருகிறது? இங்கேதான் இரண்டு கருத்துகள் மோதின.

முதற் கருத்து சூரியனைப் பார்த்து எழுந்தது. சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரியாக இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள கரோனா என்னும் ஒளிவட்டம் பத்து இலட்சம் டிகிரிக்கு மேல் சூடானது. முழுச் சூரிய கிரகணத்தின்போது வெண்பட்டு விரித்தாற்போல் தெரிவது அதுதான். சூரியனிலிருந்து எக்ஸ்ரே வருவது அந்தக் கரோனாவிலிருந்தே. அதைப்போலவே வெப்ப விண்மீனிலும் மேற்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய கரோனா இருக்கும், அதன் மேல் விண்மீன் காற்று வீசும் என்று சிலர் கருதினார்கள். தெரிந்ததை வைத்துத் தெரியாததை விளக்க முயல்வது முறையான வழிதான்.

ஆனால் இக்கருத்துக்கு ஒரு சோதனை இருந்தது. மேற்பரப்பை ஒட்டி எக்ஸ்ரே பிறக்குமானால், அது வெளியே வர அந்த அடர்ந்த காற்று முழுவதையும் கடந்தாக வேண்டும். எக்ஸ்ரேயில் வன்மையானதும் உண்டு, மென்மையானதும் உண்டு. மென்மையான எக்ஸ்ரே வழியிலேயே காற்றில் மடிந்து, நமக்கு வந்து சேராமல் போக வேண்டும். ஐன்ஸ்டைன் தொலைநோக்கியின் அளவீடுகளிலோ மென்மையான எக்ஸ்ரேயும் தாராளமாக வந்திருந்தது. அடியில் பிறந்த கதிர் இவ்வளவு எளிதில் தப்பி வந்திருக்க முடியாது. இன்னொரு குறையும் இருந்தது. சூரியனின் கரோனாவுக்குக் காரணமான காந்தப் புலம், மேற்பரப்புக்கடியில் வாயு கொதித்துப் புரள்வதால் உண்டாகிறது. இந்த வெப்ப விண்மீன்களில் சூரியனில் உள்ளது போன்ற ஆழமான கொதிப்பு மண்டலம் கிடையாது.

இரண்டாவது கருத்தை 1980ஆம் ஆண்டில் லூசி, ஒயிட் என்னும் இருவர் வெளியிட்டார்கள். எக்ஸ்ரே விண்மீனின் அடியில் பிறக்கவில்லை, வீசும் காற்றுக்குள்ளேயே பிறக்கிறது என்றார்கள் அவர்கள். காற்று தனக்குள் தானே மோதிக்கொள்கிறது என்பது அதன் சாரம்.

காற்று தன்னோடு தானே ஏன் மோத வேண்டும்? தோட்டத்தில் ரப்பர் நாற்றுமேடையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நெருக்கமாக நிற்கும் கன்றுகளில் ஒன்று மற்றவற்றைவிட விரல்கடை உயர்ந்துவிட்டால், அது அண்டைக் கன்றுகளின் நிழலைத் தாண்டிவிடும். வெயில் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் இன்னும் விரைவாக வளரும். பின்தங்கியது நிழலிலேயே நின்றுவிடும். தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடு நாளாக நாளாகப் பெரிதாகும். விண்மீன் காற்றிலும் இதே கதைதான். வாயுவின் ஒரு துணுக்கு தற்செயலாகச் சற்று விரைந்தால், அது நிழலை விட்டு வெளியேறிப் புதிய ஒளியைப் பெறுகிறது. மேலும் விரைகிறது. பின்னால் இருந்து பாய்ந்து வரும் துணுக்கு, முன்னே மெதுவாகப் போகும் துணுக்கை முட்டுகிறது. 1988ஆம் ஆண்டில் ஒவாக்கி என்பவரும் அவருடைய தோழர்களும் கணினியில் இதைக் கணித்தபோது, காற்று சீராக ஓடாமல் திரள் திரளாகப் பிரிந்து, அதிர்ச்சி அலைகள் நிறைந்ததாக மாறுவதைக் கண்டார்கள்.

மோதினால் சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். வாயுவைச் சட்டென்று அழுத்தினால் அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. நொடிக்கு 300 முதல் 500 கிலோமீட்டர் வேக வேறுபாட்டில் இரு வாயுத் திரள்கள் மோதினால், வெப்பம் பத்து இலட்சத்திலிருந்து முப்பத்தைந்து இலட்சம் டிகிரி வரை ஏறும். நாம் தேடிய வெப்பம் இதோ கிடைத்துவிட்டது. திருவாதிரை ஏன் எக்ஸ்ரே தரவில்லை என்பதும் இப்பொழுது விளங்கும். அதுவும் பொருளை வெளியே விடுகிறது. ஆனால் நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான். அந்த மெல்லிய நகர்வில் எப்படி மோதினாலும் இலட்சம் டிகிரி பிறக்காது.

கருத்து அழகாக இருக்கிறது என்பதற்காக அறிவியல் அதை ஏற்றுக்கொள்வதில்லை. சான்று வேண்டும். சான்றைத் தந்தது நம்மவர் ஒருவரின் பெயர் தாங்கிய கருவி.

சுப்பிரமணியன் சந்திரசேகர் தமிழ்க் குடும்பத்தில் 1910ஆம் ஆண்டு லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். விண்மீன்கள் எப்படி முடிகின்றன என்பது அவரை ஆட்கொண்ட கேள்வி. எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எஞ்சிய உட்கரு, சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டதாக இருந்தால், அது வெண்குள்ளனாக அமைதி அடைய முடியாது என்று அவர் கணித்தார். 1983ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பின்னர் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா தன் புதிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்குப் பெயர் சூட்ட ஒரு போட்டி நடத்தியது. 61 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 6,000 பேர் எழுதியிருந்தார்கள். சந்திரா என்ற பெயரை முன்மொழிந்து வென்றவர்கள் ஒரு பள்ளி மாணவரும் ஒரு பள்ளி ஆசிரியரும். 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் சந்திராவை மேலே கொண்டு சென்றது.

எக்ஸ்ரேக்கு வழக்கமான கண்ணாடி உதவாது. நேரே விழுந்தால் ஊடுருவும் அல்லது உள்ளேயே மடியும். ஆனால் குளத்து நீரின் மேல் தட்டைக்கல்லைச் சாய்வாக வீசினால் அது மூழ்காமல் தத்திச் செல்வதைப்போல, மிகச் சாய்வாகப் படும் எக்ஸ்ரே பளபளப்பான பரப்பில் தெறித்துப் போகும். சந்திராவின் ஆடிகள் அதனால்தான் குழாய் வடிவில், ஒன்றுக்குள் ஒன்றாக, நான்கு இணைகளாக அமைந்திருக்கின்றன. இரிடியம் என்னும் உலோகப் பூச்சு அவற்றின் உட்பரப்பில் உண்டு. வந்த எக்ஸ்ரேயை அலைநீள வாரியாகப் பிரித்து நிறமாலையாக விரித்துக் காட்டும் கருவியும் அதில் இருக்கிறது.

அந்தக் கருவி நாவோஸ் விண்மீனைப் பார்த்தது. ஐரோப்பியரின் நியூட்டன் எக்ஸ்ரே தொலைநோக்கியும் பார்த்தது. 2001ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன.

அதைப் புரிந்துகொள்ள ரயிலின் ஊதல் ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஒலி கூர்மையாகும், விலகிப் போகும்போது தடிக்கும். நெருங்கி வருவதன் அலை குறுகுகிறது, விலகுவதன் அலை நீள்கிறது. டாப்ளர் விளைவு என்னும் இவ்விதி எக்ஸ்ரேக்கும் பொருந்தும். விண்மீனை ஒட்டி அசையாமல் நிற்கும் கரோனாவில் எக்ஸ்ரே பிறந்திருந்தால், நிறமாலையின் கோடுகள் மெல்லியவையாக இருக்க வேண்டும். நாவோஸின் கோடுகளோ அகன்று பரந்திருந்தன. எக்ஸ்ரேயை வெளியிடும் வாயு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் நாலாபுறமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. விண்மீனின் ஆரத்தில் ஏறத்தாழப் பாதியளவு தூரம் மேலே வந்த பிறகே எக்ஸ்ரே பிறக்கத் தொடங்குகிறது என்பதும் கோடுகளின் வடிவத்திலிருந்து தெரிந்தது. காற்றே எக்ஸ்ரேயின் தாய் என்ற கருத்து உறுதியாயிற்று.

கோடுகளில் இன்னொரு செய்தியும் எழுதியிருந்தது. அவை இருபக்கமும் ஒத்து இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. நம்மை நோக்கி வரும் வாயு தரும் பகுதி தடித்தும், விலகிப் போகும் வாயு தரும் பகுதி மெலிந்தும் இருந்தன. காரணம் என்ன? விலகிப் போகும் வாயு விண்மீனுக்கு அப்பால் இருக்கிறது. அதன் எக்ஸ்ரே நம்மிடம் வர, இடையிலுள்ள காற்று முழுவதையும் கடக்க வேண்டும். கடக்கும்போது ஒரு பகுதி விழுங்கப்படுகிறது. எவ்வளவு விழுங்கப்பட்டது என்று அளந்தால், இடையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று கணக்கிடலாம். மருத்துவமனையில் எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரே காட்டுவதும் இதே முறையில்தான். இங்கே வேறுபாடு என்னவென்றால், விண்மீன் தன்னைத் தானே எக்ஸ்ரே எடுத்துக் காட்டுகிறது.

2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இம்முறையில் நாவோஸின் காற்றை எடை போட்டது. ஆண்டுக்குச் சூரிய நிறையில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ மூன்றரைப் பங்கு. அதாவது ஆண்டுதோறும் நம் பூமியைவிடச் சற்று அதிகமான நிறை அந்த விண்மீனிலிருந்து காற்றாய்ப் பறந்துபோகிறது. சூரியன் இழப்பதைவிட இது பத்துக் கோடி மடங்குக்கும் மேல். ஆயினும் முன்னர் வேறு முறைகளால் கணித்திருந்த அளவில் இது பாதிக்கும் குறைவு. காற்று திரள் திரளாக இருப்பதைக் கணக்கில் கொள்ளாததால் பழைய கணிப்புகள் மிகுதியாகிவிட்டிருந்தன.

எல்லா வெப்ப விண்மீன்களும் இந்த ஒரே வழியில் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓரியனின் இடைக்கச்சுக்குத் தெற்கே, வாள் போலத் தொங்கும் பகுதியில், மங்கலான ஒளிப்படலம் ஒன்று தெரியும். அதன் நடுவிலுள்ள முதன்மை விண்மீன் வலிமையான காந்தப் புலம் கொண்டது என்று 2002ஆம் ஆண்டில் தெரிந்தது. காந்தப் புலம் இருபுறத்துக் காற்றையும் வளைத்து நடுவில் ஒன்றோடொன்று மோதவிடுகிறது. அங்கே வெப்பம் முந்நூறு இலட்சம் டிகிரியை எட்டுகிறது. தென்வானில் ஈட்டா கரினா என்பது இரட்டை விண்மீன். 1840களில் பொங்கி எழுந்து, சிலகாலம் வானத்தின் மிகப் பிரகாசமான மீன்களில் ஒன்றாக நின்றது. அங்கே இரு விண்மீன்களின் காற்றுகளே நேருக்கு நேர் மோதுகின்றன. ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை இரண்டும் மிக நெருங்கும்போது எக்ஸ்ரே சட்டென்று மங்கி, மீண்டும் எழுகிறது. வழிகள் வேறானாலும் அடிப்படை ஒன்றே: பாய்ந்தோடும் காற்று எதிலாவது மோதியாக வேண்டும்.

"எங்கோ உள்ள விண்மீன் ஆண்டுக்கு எவ்வளவு இழந்தால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. சூரியனைப்போல் இருபது, முப்பது மடங்கு நிறையுள்ள விண்மீன் சில பத்து இலட்சம் ஆண்டுகளே வாழ்கிறது. பிறந்தபோது எவ்வளவு நிறை இருந்தது என்பது மட்டுமன்று, வாழ்நாளில் எவ்வளவைக் காற்றில் இழந்தது என்பதும் அதன் முடிவைத் தீர்மானிக்கிறது. நியூட்ரான் விண்மீன் ஆகுமா, கருந்துளை ஆகுமா என்பது இறுதியில் எஞ்சும் நிறையைப் பொறுத்தது. சந்திரசேகர் இளவயதில் எழுப்பிய கேள்வி இதுவே. அவர் பெயர் தாங்கிய கருவி, அந்தக் கேள்விக்கு வேண்டிய ஒரு முக்கியமான எண்ணை அளந்து தந்திருக்கிறது. கருந்துளையான பிறகு என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சிக்னஸ் எக்ஸ்-1 என்பதில் ஒரு கருந்துளையும் ஒரு வெப்ப விண்மீனும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. விண்மீனின் காற்றைக் கருந்துளை விழுங்கும்போது எக்ஸ்ரே பீறிடுகிறது. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் அஸ்ட்ரோசாட் இதனை ஆராய்ந்திருக்கிறது.

இன்னொன்று நமக்கே நெருக்கமானது. நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இத்தகைய பெரிய விண்மீன்களின் உள்ளே சமைக்கப்பட்டது. நம் குருதியிலுள்ள இரும்பிலும் அவற்றின் பங்கு உண்டு. அவை காற்றாகவும் இறுதி வெடிப்பாகவும் வெளியே எறிந்த பொருளே புதிய விண்மீன்களுக்கும் உலகங்களுக்கும் மூலப்பொருள். விண்மீன் காற்றை எடை போடுவது, நாம் எதனால் ஆனோம் என்ற கணக்கில் ஒரு வரியைத் திருத்துவதாகும்.

இந்தக் கணக்கைத் தொடர்ந்து போடக் கருவி வேண்டும். சந்திரா ஐந்து ஆண்டுப் பணிக்கென்று அனுப்பப்பட்டது. கால் நூற்றாண்டைத் தாண்டி உழைத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டில் அதன் செலவை வெகுவாகக் குறைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, உலகெங்கும் உள்ள வானியலார் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அதன் கூர்மைக்கு ஈடான பார்வையுள்ள இன்னொரு எக்ஸ்ரே தொலைநோக்கி விண்ணில் இல்லை என்பதே அவர்களுடைய கவலை. ஒரு கோடியில் ஒரு பங்கான ஒளியைப் பிடிப்பதற்குப் பொறுமையும் வேண்டும், பணமும் வேண்டும்.

மாணவர்களே, இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. "சூடானது, அதனால் எக்ஸ்ரே வருகிறது" என்ற முதல் விடை பொருத்தமாகத்தான் தோன்றியது. "எத்தனை டிகிரி?" என்று கேட்டதும் அது நிற்கவில்லை. "கரோனா" என்ற இரண்டாம் விடையும் நல்ல விடைதான். "மென்மையான எக்ஸ்ரே எப்படித் தப்பி வந்தது?" என்று கேட்டதும் அதுவும் நிற்கவில்லை. விடை கிடைத்ததும் ஏட்டை மூடிவிடாமல், அந்த விடையிடம் ஓர் எண்ணைக் கேளுங்கள். நிற்கும் விடை நிற்கும்.

பினாங்கில் வாழும் நமக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் வடவான், தென்வான் இரண்டும் நமக்குத் தெரிகின்றன. மார்ச் மாத நடுவில் இரவு பத்து மணி அளவில் தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவே நாவோஸ் ஒளிரும். லண்டனில் வாழ்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. கண்ணுக்கு அது அசையாத ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைச் சுற்றி, நொடிக்கு ஈராயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஒரு புயல் தன்னோடு தானே மோதிக்கொண்டு எக்ஸ்ரேயை உமிழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை நீங்கள் இனி அறிவீர்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுங்கள்.